வாரத்துக்கு ஒரு மணி நேரம்: ஆய்வுரையா, மாணவர் பட்டறையா?

கணிதத் துறையில் நிகழ்ச்சிப் பொறுப்பை யாரும் கேட்டு வாங்குவதில்லை. துறைக் கூட்டத்தில் தெரியாமல் தலை நிமிர்ந்து பார்த்தவர் தலையில் அது விழும். என் தலையில் விழுந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. பொறுப்போடு சேர்ந்து கைக்கு வருவது மூன்று: வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஓர் அறை, ஆண்டுக்குச் சொற்பமான ஒரு தொகை. இதை வைத்துக்கொண்டு ஆய்வுரை நடத்துவதா, மாணவர்களுக்குப் பட்டறை நடத்துவதா என்று ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அதே வாக்குவாதம் வரும். "ஆராய்ச்சி நடக்கிற துறையில் செமினார் இல்லையென்றால் எப்படி?" என்று ஒரு பக்கம். "வந்து உட்காரும் பிள்ளைகளுக்கு அதில் என்ன புரிகிறது?" என்று இன்னொரு பக்கம். இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் இருப்பது ஒரு மணி நேரம்.

இரண்டையும் நடத்திப் பார்த்து, இரண்டிலும் சொதப்பிய பிறகு எனக்கென்று ஒரு கணக்கு உருவாகியிருக்கிறது. ஆய்வுரையா பட்டறையா என்று கேட்பதற்கு முன்னால் நான் கேட்பது வேறு: அந்த ஒரு மணி நேரத்தில் வேலை செய்யப்போவது யார்? உரையில் உழைப்பவர் பேசுபவர். அவர் வாரக்கணக்கில் தயார் செய்துகொண்டு வருகிறார், மற்றவர்கள் கேட்கிறார்கள். பட்டறையில் உழைக்க வேண்டியவர் வந்து உட்கார்ந்தவர். சாக்பீஸ் யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால் போதும், விளம்பரத்தாளில் என்ன பெயர் போட்டிருந்தாலும் நடப்பது எது என்று தெரிந்துவிடும். "மூன்று நாள் பயிலரங்கு" என்று போட்டுவிட்டு, உள்ளே காலையிலிருந்து மாலைவரை வரிசையாக ஒன்பது சொற்பொழிவுகள் வைப்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! அது பயிலரங்கு இல்லை, நீளமான செமினார்.

பொறுப்பேற்ற முதல் வருடம் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். வெளியூரிலிருந்து ஒருவரை உரைக்கு அழைத்தோம். அவர் துறையில் நல்ல பெயர் உள்ளவர். கூட்டம் குறைந்தால் மரியாதையாக இருக்காதே என்று இளங்கலை மாணவர்களையும் வரச்சொல்லி, வருகைப் பதிவும் எடுத்தோம். அரங்கு நிரம்பியது. அவர் எழுந்து, "குறியீடுகளை மட்டும் ஒருமுறை நினைவுபடுத்திவிடுகிறேன்" என்று ஆரம்பித்தார். அந்த நினைவூட்டலிலேயே பின் வரிசைகள் காலி. ஆட்கள் எழுந்து போகவில்லை, பதிவு எடுத்தாயிற்றே, கண்கள்தான் போய்விட்டன. கடைசியில் "கேள்வி ஏதாவது?" என்றதும் ஒரு நீண்ட மௌனம். அப்புறம் முன் வரிசையிலிருந்து இரண்டு பேராசிரியர்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்டு மானத்தைக் காப்பாற்றினார்கள். பேசியவர் மீது எந்தக் குற்றமும் இல்லை. "எங்கள் துறையில் வந்து பேசுங்கள்" என்று மட்டும் எழுதினேனே தவிர, நாற்காலிகளில் யார் உட்காரப்போகிறார்கள் என்று ஒரு வரி எழுதவில்லை. இப்போதெல்லாம் அழைப்புக் கடிதத்தின் முதல் பத்தியே அதுதான்: வருபவர்களில் எத்தனை பேர் இளங்கலை, அவர்கள் நேரியல் இயற்கணிதம் படித்துவிட்டார்களா, குலக் கோட்பாடு தெரியுமா.

உரை எதற்கு நல்லது

ஆய்வுரை தேவையே இல்லை என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. கணிதத்தின் பெரிய தருணங்கள் சில உரையாகத்தான் நடந்திருக்கின்றன. 1903 அக்டோபரில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம் ஒன்றில் ஃபிராங்க் நெல்சன் கோல் செய்ததைப் பற்றி ஒரு கதை உண்டு. பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1644-இல் 2-இன் 67-ஆம் அடுக்கிலிருந்து 1 கழித்தால் வருவது பகா எண் என்று பட்டியலிட்டிருந்தார். 1876-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் எட்வார்ட் லூக்கா அது பகா எண் அல்ல என்று காட்டிவிட்டார். ஆனால் காரணிகள் எவை என்று அவரால் சொல்ல முடியவில்லை. கோல் பலகைக்குப் போனார். 2-ஐ 67 முறை பெருக்கி, 1 கழித்து, விடையை எழுதினார்: 147573952589676412927. பலகையின் இன்னொரு பக்கம் நகர்ந்து 193707721-ஐயும் 761838257287-ஐயும் எழுதி, கையாலேயே பெருக்கினார். அதே விடை வந்தது. ஒரு வார்த்தையும் பேசாமல் போய் உட்கார்ந்தார், அவை கைதட்டியது என்பார்கள். கதையில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். பெருக்கல் சரிதான், போட்டுப் பாருங்கள்.

எனக்கு இந்தக் கதை பிடிப்பதற்குக் காரணம் மௌனம் அல்ல. அந்த அரங்கில் இருந்த எவராலும், ஏன், பெருக்கத் தெரிந்த ஒரு பள்ளிப் பிள்ளையாலும்கூட, கண்ணெதிரே அதைச் சரிபார்க்க முடிந்திருக்கும். ஓர் உரை கேட்பவரைச் சாட்சியாக்க முடிந்தால் அந்த ஒரு மணி நேரம் வீணில்லை.

ஆனால் பெரும்பாலான ஆய்வுரைகளில் அது நடப்பதில்லை, நடக்கவும் முடியாது. 1993 ஜூனில் கேம்பிரிட்ஜில் நியூட்டன் நிறுவனத்தில் ஆண்ட்ரூ வைல்ஸ் மூன்று நாள் மூன்று உரைகள் ஆற்றினார். தலைப்பில் பெர்மா என்ற பெயரே இல்லை. மூன்றாம் நாள் முடிவில்தான், முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் யாராலும் நிறுவ முடியாதிருந்த பெர்மாவின் கடைசித் தேற்றம் வந்து விழுந்தது. அரங்கில் இருந்தவர்கள் உலகத்தின் முதல் வரிசை ஆட்கள். அவர்களாலும் அந்த நிறுவலில் இருந்த ஓட்டையை அன்றைக்குப் பிடிக்க முடியவில்லை. பிறகு ஒருவர் மேசையில் வைத்து வரி வரியாகப் படித்தபோதுதான் அது வெளிப்பட்டது. 1994 செப்டம்பரில்தான் வைல்ஸ், ரிச்சர்ட் டெய்லரின் துணையோடு அதை அடைத்தார். 1995-இல் அச்சானது. உரை என்பது செய்தி சொல்லும் இடம். சரிபார்ப்பதும் கற்றுக்கொள்வதும் வேறு இடத்தில் நடக்கின்றன. "செமினாருக்கு வந்தால் மாணவர்கள் ஆராய்ச்சியைக் கற்றுக்கொள்வார்கள்" என்று யாராவது துறைக் கூட்டத்தில் சொன்னால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

சரி, கற்றுக்கொள்வதில்லை என்றால் மாணவருக்கு உரையால் என்ன பயன்? இருக்கிறது. பாடப்புத்தகத்தில் எல்லாமே முடிந்துபோன விஷயமாகத் தெரியும். உரையில்தான் "இது இன்னும் தெரியாது" என்ற வாக்கியத்தை ஒரு பெரிய ஆள் வாயால் முதன்முறையாகக் கேட்கிறார்கள். கேள்வி கேட்பது எப்படி, மறுத்துச் சொல்வது எப்படி, தெரியாததைத் தெரியாது என்று எப்படி ஒப்புக்கொள்வது என்பதெல்லாம் கண்ணில் படுகிறது. தனக்கு எந்தப் பிரிவு பிடிக்கும் என்ற வாசனை கிடைக்கிறது. முனைவர் பட்ட மாணவருக்கு இது உயிர்நாடி. தன் பிரச்சினையோடு ஒட்டிய வேலையை யார் எங்கே செய்கிறார்கள் என்று தெரிய வேண்டும், உரை முடிந்ததும் அவர்களைப் பிடித்து நாலு வார்த்தை பேச வேண்டும். இளங்கலை மாணவருக்கு இதெல்லாம் வருடத்தில் நாலைந்து முறை கிடைத்தால் போதும். வாரா வாரம் தேவையில்லை.

உரை வைப்பதென்றால் நேரத்தைப் பற்றி ஒரு சொல். ஒரு நூற்றாண்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு 52.6 நிமிடம். இதை மைக்ரோசெஞ்சுரி என்று கணிதக்காரர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள்; எவ்வளவு நல்ல உரையானாலும் அதைத் தாண்டினால் கேட்பவர் மனம் மூடிவிடும். ஜெர்மன் கணிதவியலாளர் ஹில்பர்ட் 1900 ஆகஸ்டில் பாரிஸில் பேசியபோது கையில் தீராத 23 கணக்குகள் இருந்தன. மேடையில் சொன்னது 10-தான், மீதியை அச்சில் படித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். ஒரு நூற்றாண்டின் ஆராய்ச்சியைத் திசைகாட்டிய மனிதருக்கே பாதிக்கு மேல் வெட்டத் தெரிந்திருந்தது. நம் விருந்தினர் 64 ஸ்லைடு கொண்டுவருகிறார்.

பட்டறையில் என்ன நடக்கிறது

பட்டறையைப் பொதுவாகப் புகழ்வதைவிட, ஒன்றை அருகில் போய்ப் பார்க்கலாம். நான் முதல் அமர்வுக்கு எப்போதும் எடுத்துக்கொள்ளும் கணக்கு இது. ஒரு வட்டம் வரைந்து அதன் விளிம்பில் சில புள்ளிகளை வைக்க வேண்டும். எல்லாப் புள்ளிகளையும் ஒன்றோடொன்று நாண்களால் இணைக்க வேண்டும். வட்டம் அதிகபட்சம் எத்தனை துண்டாகிறது?

ஒரு புள்ளிக்கு 1. இரண்டுக்கு 2. மூன்றுக்கு 4. நான்குக்கு 8. ஐந்துக்கு 16. இந்த இடத்தில் அறையில் பாதிப் பேர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். விடை தெரிந்துவிட்டதே, இரட்டிப்பாகிக்கொண்டே போகிறது! ஆறு புள்ளிக்கும் வரைந்துவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வேன்.

அடுத்த பத்து நிமிடம்தான் பட்டறை. 32 வர வேண்டியவர்களுக்கு 31 வருகிறது. தப்பாக எண்ணிவிட்டோம் என்று மறுபடி எண்ணுகிறார்கள். துண்டுகளுக்குள் சின்னதாக நம்பர் போட்டு எண்ணுகிறார்கள். ஒருவர் படம் சரியில்லை என்று கிழித்துப்போட்டுவிட்டுப் பெரிதாக வரைகிறார். காம்பஸ் வைத்து ஆறு புள்ளிகளையும் சம இடைவெளியில் அழகாக வைத்தவருக்கு 30 வருகிறது. இப்போது மூன்று மேசையில் மூன்று விடை: ஒருவர் 32 என்று நம்புகிறார், ஒருவர் 31 என்று எண்ணியிருக்கிறார், ஒருவர் 30 என்று சத்தியம் செய்கிறார். 30 எப்படி வந்தது? சம இடைவெளியில் வைத்தால் நீளமான மூன்று நாண்களும் நடுவில் ஒரே புள்ளியில் வெட்டிக்கொள்கின்றன. நடுவே வரவேண்டிய குட்டி முக்கோணம் மறைந்துவிடுகிறது. "அதிகபட்சம்" என்ற சொல் கேள்வியில் ஏன் இருந்தது என்று அப்போதுதான் உறைக்கிறது.

அப்புறம் யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார். ஒவ்வொரு புது நாணும் ஒரு துண்டைக் கூட்டுகிறது. உள்ளே ஒவ்வொரு வெட்டும் புள்ளியும் இன்னொரு துண்டைக் கூட்டுகிறது. நாண் என்றால் இரண்டு புள்ளி, வெட்டு என்றால் நான்கு புள்ளி. எனவே ஆறு புள்ளிக்கு, ஆறில் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 15, ஆறில் நான்கைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 15, ஆரம்பத்தில் இருந்த முழு வட்டம் 1. மொத்தம் 31. பள்ளியில் சேர்வுகள் என்ற பாடத்தில் மனப்பாடம் செய்தது திடீரென்று உயிரோடு எழுந்து வருகிறது. ஏழு புள்ளிக்கு 57 என்று வரையாமலேயே சொல்லிவிட்டு, பிறகு நம்பிக்கையில்லாமல் வரைந்தும் பார்க்கிறார்கள்.

இதையே உரையில் சொல்லலாம். நான் சொல்லியும் இருக்கிறேன். "1, 2, 4, 8, 16, அடுத்து 31" என்று ஸ்லைடு மாறும், ஒரு சிரிப்பு எழும், இரண்டு நிமிடத்தில் சூத்திரம், அடுத்த தலைப்பு. நேரம் மிச்சம்தான். ஆனால் 31 வந்தபோது தன் மேல் சந்தேகப்பட்டு, மூன்றாவது முறை எண்ணி, "இல்லை, நான் எண்ணியது சரி, நினைத்ததுதான் தப்பு" என்று ஒரு மாணவி முடிவெடுக்கும் அந்த நிமிடத்தை எந்த ஸ்லைடாலும் தர முடியாது. ஆராய்ச்சியில் நாம் தினமும் செய்வது அதைத்தானே.

எண்கள் வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் மாணவர்களைச் செயலில் ஈடுபடுத்திக் கற்பிப்பதையும் வெறும் விரிவுரையையும் ஒப்பிட்ட 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் ஒரு அலசல் வந்தது. விரிவுரை வகுப்புகளில் தோல்வி விகிதம் 33.8 சதவீதம், மற்றதில் 21.8. இதைத் துறைக் கூட்டத்தில் ஒருமுறை ஆயுதமாக வீசினேன். ஒரு மூத்த பேராசிரியை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது பருவம் முழுக்க நடக்கும் வகுப்புகளைப் பற்றியது. நீங்கள் கேட்பது மாதம் ஒரு மதியம்" என்றார். அவர் சொன்னது சரி. ஒரு பட்டறையால் தேர்ச்சி விகிதம் ஏறும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

செலவு, உழைப்பு, சொதப்பல்

பட்டறையை விரும்புகிறவர்கள் மறைக்கும் விஷயம் இதுதான்: நடத்துபவருக்கு அது உரையைவிடப் பல மடங்கு வேலை. உரைக்கு ஒரு மின்னஞ்சல், பயணச்சீட்டு, தங்கும் அறை, புரொஜெக்டருக்குச் சரியான கேபிள். தயாரிப்பு முழுக்க விருந்தினர் தலையில். பட்டறைக்குக் கணக்குத் தாள் வேண்டும். அதை முன்கூட்டி யாராவது மாணவர் ஒருவரிடம் போட்டுப் பார்க்கக் கொடுக்க வேண்டும். எளிதாக இருந்தால் இரண்டு கெட்டிக்காரர்கள் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு மற்றவர்களுக்கும் சொல்லிவிடுவார்கள். கடினமாக இருந்தால் அரை மணி நேரத்தில் போன் வெளியே வந்துவிடும். ஒரு மணி நேரம் போதாது, குறைந்தது இரண்டு. நாற்காலி வரிசையாகத் தரையில் அறைந்த அரங்கு உதவாது. நகர்த்தக்கூடிய மேசை வேண்டும், சுவர் நிறையப் பலகை இருந்தால் இன்னும் நல்லது.

அதைவிட முக்கியம் உதவியாளர்கள். ஏழெட்டு மாணவருக்கு ஒருவராவது வேண்டும், முனைவர் பட்ட மாணவர்களே போதும். ஆனால் விடை சொல்லாமல் இருக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். இது கேட்க எளிது. கணிதம் தெரிந்த ஒருவர், இன்னொருவர் தவறான பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பது பெரிய தவம். ஒரு பட்டறையில் எங்கள் உதவியாளர் ஒருவர் முதல் கால்மணி நேரத்திலேயே உணர்ச்சிவசப்பட்டுப் பலகைக்குப் போய் முழு நிறுவலையும் எழுதிவிட்டார். மிக நல்ல நிறுவல். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். பட்டறை அங்கேயே முடிந்தது. அதற்குப் பிறகு உதவியாளர்களுக்கு ஒரே விதி வைத்திருக்கிறேன்: கேள்வியாக மட்டும்தான் பேசலாம்.

இந்த விதியை எல்லைவரை கொண்டுபோனவர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் இருந்த ஆர். எல். மூர். புத்தகம் படிக்கக்கூடாது, ஒருவருக்கொருவர் உதவக்கூடாது. வரையறைகளும் தேற்றங்களின் கூற்றுகளும் மட்டும் தருவார், நிறுவல்களை மாணவர்களே கண்டுபிடித்து வகுப்பில் நிலைநிறுத்த வேண்டும். பெரிய கணிதவியலாளர்கள் பலர் அந்தப் பட்டறையில் உருவானவர்கள். அதே மூர் கறுப்பின மாணவர்களைத் தன் வகுப்பில் சேர்க்க மறுத்தவர். மாணவர் கையில் சாக்பீஸைக் கொடுப்பது நல்ல முறைதான். யார் கையில் கொடுக்கிறோம், யாரைப் பின் வரிசையிலேயே விட்டுவிடுகிறோம் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். என் அனுபவத்தில், தானாக எழுந்து பலகைக்கு வருபவர்களை மட்டும் நம்பினால் ஒவ்வொரு முறையும் அதே நாலு பேர்தான் வருகிறார்கள். இப்போது மேசைவாரியாகச் சீட்டு எடுக்கிறோம்.

நடுவில் இருக்கும் வழிகள்

இரண்டில் ஒன்று என்று அடித்துக்கொள்வதற்கு முன்னால், நடுவில் உள்ளவற்றைப் பார்த்துவிடலாம். என் பார்வையில் இவைதான் ஒரு சாதாரணத் துறைக்கு அதிகம் உதவுபவை.

செமினாரையே பட்டறையாக்கியவர் சோவியத் கணிதவியலாளர் கெல்ஃபாண்ட். 1943-இல் மாஸ்கோவில் அவர் தொடங்கிய செமினார் பல பத்தாண்டுகள் திங்கள் மாலைகளில் நடந்தது. பேசுபவரை எந்த இடத்திலும் நிறுத்துவார். கூட்டத்தில் ஒரு மாணவரை எழுப்பி, இதுவரை சொன்னதை உன் வார்த்தையில் சொல் என்பார். மாணவருக்குப் புரியவில்லை என்றால் பேசுபவர் மறுபடி ஆரம்பிக்க வேண்டும். படித்தபோது எனக்கு ஆசையாக இருந்தது. ஆனால் அதை நடத்த ஒரு கெல்ஃபாண்ட் வேண்டும். நம்மில் ஒருவர் அதைச் செய்தால் விருந்தினர் திரும்ப வரமாட்டார், மாணவர் அடுத்த வாரம் வரமாட்டார். அந்த வழியை விட்டுவிட்டேன்.

பூர்பாக்கி என்ற புனைபெயரில் இயங்கும் பிரெஞ்சுக் கணிதவியலாளர் குழு பாரிஸில் 1948 முதல் நடத்தும் செமினாரின் ஒரு வழக்கம் அதைவிட எளிதாகக் கைக்கு அடங்குவது. அங்கே பேசுபவர் பெரும்பாலும் தன் சொந்தக் கண்டுபிடிப்பைப் பேசுவதில்லை. வேறொருவரின் முடிவை எடுத்து விளக்குகிறார். இந்த ஒரு மாற்றம் உரையின் குணத்தையே மாற்றிவிடும். சொந்த வேலையைப் பேசுகிறவர் தான் பட்ட பாட்டையெல்லாம் சொல்லாமல் விடமாட்டார். பிறர் வேலையைப் பேசுகிறவர், தனக்கே அது எங்கே புரியாமல் இருந்தது என்று நினைவில் வைத்துக்கொண்டு பேசுவார். பயணச் செலவும் இல்லை, நம் துறை ஆசிரியரே போதும்.

இன்னும் ஒருபடி கீழே இறங்கினால் மாணவர் படிப்பு வட்டம். ஜெர்மனியின் ஓபர்வோல்ஃபாக் கணித நிறுவனத்தில் இதற்கென்றே ஒரு வகைக் கூட்டம் உண்டு: வருபவர்கள் அந்தத் தலைப்பில் நிபுணர்களாக இருக்க வேண்டியதில்லை, ஆளுக்கொரு பகுதியைப் பிரித்துக்கொடுத்துவிடுவார்கள், ஒரு வாரத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரு பெரிய தேற்றத்தைக் கற்றுக்கொள்வார்கள். இதையே சுருக்கி, ஒரு பருவத்தில் பன்னிரண்டு வாரம், ஒரு புத்தகத்தின் மூன்று அத்தியாயம், வாரம் ஒரு மாணவர் என்று வைக்கலாம். மாணவர் பேச்சு உளறலாகத்தான் இருக்கும் முதலில். பேசிய மாணவருக்கு அந்த அத்தியாயம் வாழ்நாளுக்கும் மறக்காது. கேட்டவர்களுக்குக் கிடைப்பது சுமார்தான். அதனால் எட்டு பேருக்கு மேல் வட்டத்தில் சேர்க்காதீர்கள், ஒவ்வொருவருக்கும் முறை வர வேண்டும்.

ஓபர்வோல்ஃபாக்கைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. அங்கே சாப்பாட்டு மேசையில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதை நாப்கின்களில் பெயர் வைத்துக் கலைத்துப் போட்டுவிடுவார்கள், தெரிந்தவர்களோடே ஒட்டிக்கொள்ள முடியாது. அந்த வட்ட மேசைகளைப் பார்த்து 1967-இல் கெர்ஹார்ட் ரிங்கல் என்ற கணிதவியலாளர் ஒரு கேள்வி கேட்டார்: பல வேளைச் சாப்பாட்டில், ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவர் பக்கத்திலும் சரியாக ஒருமுறை உட்காரும்படி இருக்கைகளை ஒதுக்க முடியுமா? அதுவே ஓபர்வோல்ஃபாக் கணக்கு என்று பெயர்பெற்ற ஆராய்ச்சிப் பிரச்சினை ஆகிவிட்டது. நிகழ்ச்சி நிரலில் இடைவெளியை வெட்டி இன்னொரு உரையைச் செருக நினைக்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன்.

எல்லாவற்றையும்விட மலிவான வழி முன்னுரை. ஆய்வுரைக்கு முன்னால் அரை மணி நேரம், அதே விருந்தினர், மாணவர்களுக்கு மட்டும். ஆசிரியர்கள் உள்ளே வரக்கூடாது. இதில் நான் கறாராக இருக்கிறேன். ஆசிரியர் இருந்தால் மாணவர் வாய் திறக்கமாட்டார், விருந்தினரும் ஆசிரியரைப் பார்த்தே பேசுவார். முன்னுரையில் மூன்று வரையறை, இரண்டு எடுத்துக்காட்டு, கையால் போட்டுப் பார்க்க ஒரு கணக்கு. அவ்வளவுதான் கேட்கிறோம். பிரதான உரையில் அந்த எடுத்துக்காட்டு மறுபடி வரும்போது பின் வரிசையில் தலைகள் நிமிர்வதை மேடையிலிருந்தே பார்க்கலாம் என்று ஒரு விருந்தினர் சொன்னார்.

நாள் கணக்கில், வாரக் கணக்கில் நடக்கும் பெரிய பட்டறைகளை ஒரு துறை தனியாக நடத்த முயல்வதில் எனக்கு உற்சாகமில்லை. ஆர்னால்ட் ராஸ் 1957-இல் தொடங்கிய கோடைத் திட்டம், 1989-இலிருந்து பாஸ்டனில் நடக்கும் புரோமிஸ், இந்தியாவில் குமரேசன் 1993-இல் தொடங்கிய எம்.டி.டி.எஸ். என்ற கணிதப் பயிற்சித் திட்டம் போன்றவை அதற்கென்றே ஆள் சேர்த்து, வருடக்கணக்கில் பழகி வளர்ந்தவை. ஆர்வமுள்ள மாணவரை அப்படிப்பட்ட இடத்துக்கு விண்ணப்பிக்க வைத்து, பரிந்துரைக் கடிதத்தை நேரத்துக்கு எழுதிக்கொடுப்பது நல்லது.

எனக்கென்றால் எது

முனைவர் பட்ட மாணவர் இல்லாத, இளங்கலை முதுகலை மட்டும் உள்ள துறை என்றால் யோசிக்கவே வேண்டாம்: பட்டறைதான். மாதம் ஒரு மதியம், இரண்டு மணி நேரம், நாள் மாறக்கூடாது. நடுவில் பருவத்துக்கு இரண்டு பொது உரை, இரண்டும் முன்னுரையோடு. மற்ற வாரங்கள் மாணவர் படிப்பு வட்டத்துக்கு.

ஆராய்ச்சி நடக்கும் துறை என்றால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: வருகைப் பதிவும் துறைத்தலைவரின் பார்வையும் இல்லாவிட்டாலும் அந்தப் பிரிவு செமினாருக்கு வருபவர்கள் நான்கு பேராவது இருக்கிறார்களா? இருந்தால் அவர்களுக்குத் தனி செமினார் கொடுங்கள், மாணவர்களை அங்கே இழுக்காதீர்கள். நான்கு பேர் அறிவோடு சண்டை போடும் அறை, நாற்பது பேர் மௌனமாக உட்கார்ந்திருக்கும் அரங்கைவிட உயிருள்ளது. இல்லையென்றால் அந்த நேரத்தைப் பிறர் வேலையை விளக்கும் உரைகளுக்குத் திருப்பிவிடலாம்.

2020-க்குப் பிறகு இந்தத் தராசு இன்னும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. எந்தக் கண்டத்தில் நடக்கும் செமினாரையும் வீட்டில் உட்கார்ந்து கேட்கலாம்; பதிவுகள் குவிந்து கிடக்கின்றன. ஒரு நிபுணரின் பேச்சைக் கேட்பதற்காக மட்டும் அவரை ஊர்விட்டு ஊர் வரவழைக்க வேண்டிய அவசியம் குறைந்துவிட்டது. வரவழைத்தால் அவர் நம் மாணவர்களோடு மேசையில் உட்காரும் நேரம் உரையைவிட நீளமாக இருக்க வேண்டும். பட்டறையையும் இணையத்தில் நடத்திப் பார்த்தோம். ஒருவர் காகிதத்தில் என்ன வரைகிறார் என்று எட்டிப் பார்க்க முடியாத இடத்தில் பட்டறை நடக்காது.

ஏற்பாட்டில் செலவே இல்லாத ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். 1930-களில், அன்றைக்குப் போலந்தில் இருந்த லுவூவ் நகரக் கணிதவியலாளர்கள் ஒரு காபிக் கடையில் கூடுவார்கள். தீராத கணக்குகளை எழுதிவைக்க அங்கே ஒரு தடித்த நோட்டு இருந்தது. 1936-இல் மஸூர் அதில் ஒரு கணக்கு எழுதி, தீர்ப்பவருக்கு உயிருள்ள வாத்து ஒன்று பரிசு என்றார். 1972-இல் பெர் என்ஃப்ளோ தீர்த்து, வாத்தை வாங்கிக்கொண்டார். எங்கள் அறையிலும் ஒரு நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். பட்டறையில் முடியாமல் நின்றவற்றை மாணவர்கள் அதில் எழுதுகிறார்கள். வட்டக் கணக்கு நடந்த அன்றைக்கு ஒருவர் எழுதியது: "10 புள்ளிக்குப் போட்டேன், 256. மறுபடியும் இரண்டின் அடுக்கு! இன்னொரு முறை வருமா?" கீழே வேறு கையெழுத்தில், "200 வரை பார்த்துவிட்டேன். இன்னும் இல்லை." அதற்கும் கீழே பென்சிலில் ஒரு சின்ன வாத்து.